நிலைபெயரும் உலோகம்

இரசாயன நூல்களிலே ஒரு சேர்வையின் அமைப்பைக் கோடுகளால் வரைந்து காட்டுவர். அதனைக் காணும் மாணவர், அணுக்கள் யாவும் சுவரில் அறைந்த ஆணிபோல் தத்தம் இடத்தே நிலைத்து நிற்கின்றன என எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணம் எங்கும் பொருந்தாது என்பதைச் சேதன உலோகச் சேர்வைகள் சில காட்டியுள்ளன. தமிழாசிரியராகிய நாம் இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை இறுதியிற் கூறுவாம்.

1956ஆம் ஆண்டில் பைப்பர், வில்கின்சன் என்னும் அறிஞர் இருவர் இரும்புச் சேர்வை ஒன்றை ஆராய்ந்தனர். அதன்கண் ஓர் இரும்பணுவும், இரண்டு காபனோரொட்சைட்டு மூலக்கூறுகளும், ஐந்து காபன்களாலாய வளையங்கள் இரண்டும் இணைந்துள்ளன. ஒரு வளையம் தன் ஐந்து காபன்களாலும் இரும்பைப் பற்றும். மற்றையது ஒரேயொரு காபனால் மட்டும் பற்றும். இவ்விரண்டாம் வளையத்தில் காபனுக்கு ஒன்றாக ஐந்து ஐதரசன்கள் உள. இரும்பைத் தாங்கும் காபனில் ஒன்று, அடுத்த காபன்களில் இரண்டு, அப்பாலுள்ளவற்றில் இரண்டு. ஆகவே கருக்காந்தப் பரிவு நிறமாலையில் 1:2:2 என்னும் விகிதத்தில் மூவகைக் குறிகள் தோன்றல் வேண்டும். அறை வெப்பநிலையிலோ இவ்வளையத்துக்கு ஒரே கோடுதான் தோன்றிற்று. இரும்பு ஒரு காபனில் நில்லாது வளையத்தைச் சுற்றி இடம் மாறுகின்றது என அவர்கள் கருதினர்.

இருளிலே கொள்ளிக்கட்டையை விரைந்து சுழற்றினால் நெருப்பு வட்டமாகத் தோன்றும். கொள்ளி ஒன்றே, வட்டம் நம் கண்ணின் மந்தத்தால் விளைந்தது. பரிவுக் கருவியும் அத்தகைய மந்தக் கண்ணுடையதே. இடமாற்றம் செக்கனுக்குச் சில நூறு முறையை விஞ்சுமாயின், அது வேறுபாடுகளைப் பிரித்தறியாது சராசரியையே காட்டும்.

கொள்ளியைக் காணச் சுழற்சியைத் தணித்தல் வேண்டும். மூலக்கூற்றிலே அதனைச் செய்வது குளிர். 1966இல் கொட்டன், டேவிசன் முதலியோர் அச்சேர்வையின் கரைசலை ஏறக்குறைய -80 பாகை சதம அளவை வரை குளிர்வித்தனர். ஒற்றைக் கோடு அகன்று, மறைந்து, எதிர்பார்த்த குறிகளாகப் பிரிந்தது. இரும்பு செல்லும் வழியும் அதனாற் புலனாயிற்று. இரும்பு அடுத்த காபனுக்குத் தாவின், அடுத்த நிலையிலிருந்த ஐதரசன்கள் இரண்டும் நிலை மாறும். அப்பாலிருந்தவற்றுள் ஒன்றே மாறும். ஒரு காபனைக் கடந்து தாவின் இது தலைகீழாகும். வெப்பம் ஏறுகையில் அடுத்த நிலைக் குறியே விரைந்து அகன்றது. எனவே இரும்பு படிப்படியாக, அடுத்தடுத்த காபனுக்கே செல்கின்றது எனத் துணிந்தனர்.

எட்டுக் காபன் வளையமொன்றிலும் இதுவே நிகழ்கின்றது. பளிங்கில் இரும்பு நான்கு காபன்களையே பற்றி நிற்க, கரைசலிலே எட்டு ஐதரசன்களும் ஒன்றுபோலக் குறி தருகின்றன.

இத்தகைய மூலக்கூறுகளுக்கு 1963இல் டோரிங், ரொத் ஆகியோர் ஆங்கிலத்தில் இட்ட பெயர், 'ஒழுகுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் பொருள் திரியும். இங்கு எதுவும் ஒழுகிப் போவதில்லை. இரும்பு வளையத்தை விட்டகலாது இடமே பெயர்கின்றது. பெயர்ந்த பின்னும் மூலக்கூறு முன்னைய வடிவினதே. ஆதலின் 'நிலைபெயர் மூலக்கூறு' என்பது தகும் என்போம். நாம் எழுதப் புகுந்த காரணம் இதுவே. பொருளை உணராது சொல்லாக்கல் அரிது. தமிழில் இரசாயனம் பயிலும் நம் மாணவர்க்குச் சொல் பிழைப்பின் பொருளும் பிழைக்கும். ஆய்வுகூடங்களிற் பணிபுரியும் பழைய மாணவர் இதனினும் சிறந்த சொல் காண்பராயின், மகிழ்ந்து ஏற்போம்.