கடைசி பெஞ்சில் ஓர் ஆசிரியர்

ஆண்டாய்வு வருகிறதென்றால் அன்றைய தொடக்கப் பள்ளி பரபரக்கும். பாடக்குறிப்பேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு எல்லாம் மேசையில் ஏறும். கல்வி அலுவலர் வருவார், பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்பார், கையெழுத்திட்டுக் கிளம்புவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒன்றியம் முழுவதற்கும் எல்லாப் பாடத்துக்கும் அவர்தான். ஆனால் பாடம் நடத்திய விதத்தைப் பற்றி ஆசிரியரிடம் யாரும் பேசியதில்லை.

எடுத்துக்காட்டாக, 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். ஆய்வில் அது ஒரு தப்பு விடை, அவ்வளவுதான். கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியவருக்கோ அந்தப் பிள்ளையின் மனம் அதில் தெரியும்: ஒன்றாம் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்தே சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால் போதும். இதைச் சக ஆசிரியருக்குச் சொல்ல, பாடம் தெரிந்த ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்கான வழி அனைவருக்கும் கல்வி இயக்கத்தோடு வந்தது. வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் அமர்ந்தார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. ஆசிரியர்கள் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார்கள். சில ஆண்டுகளில் இந்த முறை மாநிலம் முழுக்கப் பரவியது. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது வகுப்பு ஆசிரியர்களே கருத்தாளர்களாக நின்று மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிப்பது வழக்கமானது. இது பெரிய மாற்றம்; மனமார வரவேற்கிறேன்.

ஆனால் இன்று வகுப்புக்கு வருபவரின் கண் கைப்பேசியில் பதிகிறது. உற்றுநோக்கல் படிவத்தை நிரப்பி அனுப்பியதும் அடுத்த பள்ளி. பதிவேடு போய் எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையத்தளம் வந்திருக்கிறது. பாடம் முடிந்தபின் இருவரும் உட்கார்ந்து, “அந்தப் பொண்ணு ஏன் 35-னு எழுதுச்சு, டீச்சர்?” என்று பேசும் கால் மணி நேரம்தான் பயிற்றுநரின் உண்மையான வேலை. அதைப் புள்ளிவிவரப் பணி தின்ன விடக்கூடாது.

நடுநிலைப் பள்ளியில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். அறிவியல் பட்டதாரியே கணக்கையும் எடுக்க நேரும் பள்ளியில், பின்னம் கற்பிப்பதில் ஐயம் வந்தால் அவர் யாரைக் கேட்பார்? பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பான குறுவளமையத்துக்கு ஒரு நல்ல கணக்கு ஆசிரியரைத் தேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் அவரைத் தம் வகுப்பிலிருந்து விடுவித்து, அந்தப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். அன்று அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியரையும் அரசே தர வேண்டும்.