சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு கணக்கு வகுப்பு!

ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு நாம் பார்ப்பது கொடி, பேண்டு வாத்தியம், ஷாமியானா, மைக்கில் ஓயாத அறிவிப்பு. அதற்கு முந்தின நாள் மைதானத்தை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டும்! அதுவும் உடற்கல்விக் கல்லூரி மைதானம் என்றால் கையில் இருக்கிற வேலையைத் தள்ளி வைத்துவிட்டே போகலாம். வெறும் செம்மண் தரை. ஒரு ஸ்டீல் டேப், ஒரு கண்டு சணல், சுத்தியல், நாலைந்து ஆப்பு, ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு இருபது வயசுப் பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் 400 மீட்டர் டிராக் ஒன்றை மண்ணில் இறக்கிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிப் போவார். அந்தக் கடன் திரும்பி வந்ததே இல்லை. கணக்கு ஒரு பக்கம், விளையாட்டு எதிர்ப்பக்கம் என்று நம் மனசில் பதிந்ததே அப்படித்தான். இந்த மைதானத்தில் அரை நாள் நின்றால் அந்த நினைப்பு உதிர்ந்துவிடும். இங்கே கணக்கு வராதவரால் ஒரு கோடுகூடப் போட முடியாது.

முதலில் மைதானத்தின் நடுவே இரண்டு ஆப்புகள் அடிக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே 84.39 மீட்டர். டிராக்கின் இரண்டு அரைவட்டங்களுக்கும் மையம் அவைதான். அங்கிருந்து செங்குத்தாகக் கோடு எடுக்க வேண்டும். இத்தனை பெரிய தரையில் செங்கோணத்தை எப்படிப் பிடிப்பது? டேப்பை 3 மீட்டர், 4 மீட்டர், 5 மீட்டர் என்று முக்கோணமாக மடக்கி, மூன்று பேர் மூன்று மூலையில் உட்கார்ந்து இழுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பிதாகரஸ் தேற்றம் அங்கே மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது!

“டேப் தொய்யுது தம்பி, இழுத்துப் பிடி” என்று பேராசிரியரின் குரல் வருகிறது. தொய்ந்தால் அளவு போச்சு. வளைவு போடுவதற்குச் சணலும் ஆகாது. இழுக்க இழுக்க நீளும்.

மையத்திலிருந்து இரண்டு பக்கமும் 36.50 மீட்டர் அளந்து நான்கு மூலைகளைக் குறித்தாயிற்று. 84.39-க்கு 73 என்று ஒரு செவ்வகம் கிடைத்துவிட்டது. உடனே சுண்ணாம்பைத் தொட்டுவிட முடியுமா? முடியாது. மூலைவிட்டம் பார்க்க வேண்டும். 111.58 மீட்டர். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கும் அதே, அடுத்த மூலையிலிருந்து எதிர்மூலைக்கும் அதே. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆப்பைப் பிடுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டாவது மூலைவிட்டம் சரியாக வந்து விழுந்ததும் பையன்கள் எழுப்புகிற சத்தம் இருக்கிறதே, கோல் போட்டவன்கூட அப்படிக் கத்த மாட்டான்.

400 மீட்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் இதில் அழகு. ஓடுகிறவர் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. உள்விளிம்பில் கட்டையான கர்ப் இருந்தால் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு. ஆகவே ஆரம் 36.80. இரண்டு அரைவட்டமும் சேர்ந்து 231.22 மீட்டர், இரண்டு நேர்பகுதியும் சேர்ந்து 168.78. கூட்டிப் பாருங்கள், துல்லியமாக 400! நம் ஊர் மண் மைதானம் பலவற்றில் கர்ப் கிடையாது, வெறும் சுண்ணாம்புக் கோடுதான். அங்கே 30-க்குப் பதில் 20 சென்டிமீட்டர் என்று விதி. அதைக் கவனிக்காமல் அதே 36.50 ஆரத்தில் கோடு போட்டால் ஓட்டம் 63 சென்டிமீட்டர் குறைந்துவிடும். நூலிழையில் பரிசு கைமாறுகிற ஓட்டத்தில் 63 சென்டிமீட்டர் என்பது லேசுப்பட்ட தூரமா?

இந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை ஜூனியர்கள் ‘கணக்கு அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவர், கல்லூரிக் கபடி அணியில் ஆடியவர், இப்போது பி.பி.எட். பிளஸ் டூ முடித்ததும் நேரே சேருகிற மூன்றாண்டு உடற்கல்விப் படிப்புகள் தனி. பி.பி.எட். என்பது ஏதாவது ஒரு டிகிரி முடித்து, விளையாட்டுச் சான்றிதழும் கையில் வைத்திருப்பவர்களுக்கான இரண்டாண்டுப் படிப்பு. கணிதம் படித்தவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது நிறைய வீடுகளுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது ஸ்டேகர். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளி லேன்காரர் முன்னால் தள்ளி நிற்பார் இல்லையா, அந்தத் தூரம். கர்ப் உள்ள டிராக்கில் இரண்டாம் லேனுக்கு 7.04 மீட்டர், மூன்றாம் லேனுக்கு 14.70. எட்டாம் லேனுக்குப் போனால் 53.03! ரெக்கார்டு நோட்டில் இதை எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு ஜூனியருக்குத்தான் சந்தேகம் வந்தது. “அக்கா, எங்க ஊர் ஸ்கூல்ல 200 மீட்டர் டிராக்தான் இருக்கு. அங்க ஒரு ரவுண்டுக்கு ஸ்டேகர் பாதியா குறைஞ்சிடுமா?”

“குறையாது. அதே 7.04தான்.”

“எப்படிக்கா? டிராக்கே பாதிதானே!”

“ஆரத்தை மறந்துடு. உள்ள ஓடுறவனுக்கும் வெளிய ஓடுறவனுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி? அதை மட்டும் பாரு.”

கையில் இருந்த குச்சியால் அங்கேயே மண்ணில் எழுதிக் காட்டுகிறார். பெரிய வட்டத்தின் சுற்றளவிலிருந்து சின்ன வட்டத்தின் சுற்றளவைக் கழித்தால் ஆரம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது இடைவெளியும் இரண்டு பையும் மட்டும். முதல் லேனுக்கும் இரண்டாம் லேனுக்கும் இடையே 1.12 மீட்டர் வித்தியாசம், அதனால் 7.04. அதற்கப்புறம் லேன் அகலம் 1.22 மீட்டர், அதனால் லேனுக்கு லேன் 7.67 கூடிக்கொண்டே போகும். நேர்பகுதி இதில் தலையிடுவதே இல்லை. பூமியைச் சுற்றி ஒரு டிராக் போட்டாலும் ஸ்டேகர் இதேதான்! அந்தப் பையன் ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றான். எத்தனை வகுப்பறைகளில் கரும்பலகை இந்தச் சந்தோஷத்தைத் தந்திருக்கும்?

மைதானத்தின் இன்னொரு மூலையில் வட்டு எறிதலுக்கு எல்லை போடுகிறார்கள். விதிப்புத்தகத்தில் அந்தக் கோணம் 34.92 டிகிரி. ஈட்டிக்கு 28.96 டிகிரி. இப்படிக் கோணல்மாணலான எண்ணை யார் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்று தோன்றும். கோணமானி எங்கே என்று தேடினால் கிடையாது, தேவையும் இல்லை. வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் 20 மீட்டர் டேப்பை இழுக்கிறார்கள், இரண்டு முனைக்கும் இடையே 12 மீட்டர் வருகிற மாதிரி விரிக்கிறார்கள். முடிந்தது, 34.92 டிகிரி! ஈட்டிக்கு அதே 20 மீட்டருக்கு 10 மீட்டர் விரித்தால் 28.96. அந்த விநோத எண் பிறந்த இடமே இந்த முக்கோணம்தான். டேப் ஒன்றே போதும் என்று விதியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதைப் பார்த்ததும் துள்ள வேண்டும்போல இருந்தது.

மழை ஒரு தடவை பெய்தால் எல்லாக் கோடும் கரைந்துவிடும். சிந்தெடிக் டிராக்கில் பெயின்ட் அடித்துவிட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். மண் மைதானத்தில் ஒவ்வொரு மீட்டுக்கும் முதலிலிருந்து போட வேண்டும். அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இந்த எண்களெல்லாம் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிராக்டிகலுக்கு வருகிற எக்ஸ்டர்னலும் மூலைவிட்டத்தைக் கேட்காமல் விடுவதில்லை.

இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். காரைக்குடியில் அழகப்பா, கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் மாருதி என்று பிறகு பல கல்லூரிகள் வந்தன. 2004-ஆம் வருஷச் சட்டத்தில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் அமைந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த மாநிலத்து மைதானங்களில் இந்தக் கணக்கு நடந்துகொண்டிருக்கிறது.

உள்ளே வகுப்பறையிலும் எண்களிடமிருந்து தப்ப முடியாது. ‘டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட்’ தாளில் சராசரி, திட்ட விலக்கம், பெர்சென்டைல் எல்லாம் உண்டு. ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட் நடக்கிற நாளில் போய்ப் பாருங்கள். 20 அங்குல பெஞ்சில் நிமிஷத்துக்கு 30 தடவை வீதம் ஐந்து நிமிஷம் ஏறி இறங்கி, மூச்சு வாங்க உட்காருகிறவனின் மணிக்கட்டை நண்பன் பிடித்து நாடி எண்ணுகிறான். மூன்று தடவை, அரை அரை நிமிஷம். மூன்றும் சேர்ந்து 180 என்றால் 300 விநாடியை 100-ஆல் பெருக்கி, 180-இன் இரு மடங்கான 360-ஆல் வகுக்க வேண்டும். 83 வருகிறது. அட்டவணையில் ‘குட்’. வியர்வை சொட்டுகிற முகத்தில் ஒரு சிரிப்பு!

சாயங்காலம் கடைசி வேலை ஃபிக்ஸ்சர். கபடிக்கு 19 டீம் பெயர் கொடுத்திருக்கிறது.

“நாக்-அவுட்டுன்னா மொத்தம் எத்தனை மேட்ச்?” என்று பேராசிரியர் கேட்கிறார். எல்லோரும் காகிதத்தில் கட்டம் போட ஆரம்பிக்கிறார்கள். கணக்கு அக்கா பேனாவையே எடுக்கவில்லை.

“பதினெட்டு சார். ஒரு மேட்சுக்கு ஒரு டீம்தான் வீட்டுக்குப் போகும். ஜெயிக்கிற டீமைத் தவிர பதினெட்டு டீமும் போயாகணும்.”

“லீக் வச்சா?”

“நூத்தி எழுபத்தொண்ணு சார்.”

இரண்டு நாள் மீட்டில் 171 மேட்சா! நாக்-அவுட் என்று ஒரே குரலில் முடிவாகிவிட்டது. 19-க்கு மேலே இரண்டின் அடுக்கு 32, ஆகவே 13 டீமுக்கு முதல் சுற்றில் ஆட்டமே கிடையாது, பை. மிச்சமுள்ள ஆறு டீம் மட்டும் மூன்று ஆட்டம் ஆடி முதல் சுற்றை முடிக்கும். சீட்டெல்லாம் சுருட்டி ஒரு தொப்பிக்குள் போட்டுக் குலுக்கியாயிற்று. எந்தச் சீட்டு மேல் பாதி, எது கீழ்ப் பாதி, எந்த வரிசையில் பை என்று கரும்பலகையில் கோடு கோடாக இறங்குகிறது. “சார், எங்க காலேஜுக்கு ஒரு பை விழற மாதிரி குலுக்குங்க சார்!” என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் கெஞ்ச, தொப்பி வைத்திருந்தவன் இன்னும் வேகமாகக் குலுக்கினான்.