ஒரு நுரையீரல் தூங்க, ஒன்று விழித்திருக்க...

'நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்' என்று டாக்டர் சொன்னதுமே நமக்குக் கத்தியும் தையலும்தான் கண் முன் வரும். ஆனால், கத்தி படுவதற்கு முன்பே ஒரு பெரிய வேலை நடந்து முடிந்துவிடுகிறது தெரியுமா? அது, மயக்க மருந்து டாக்டர் உங்கள் மூச்சுக்குழாயில் ஒரு டியூபை இறக்குவது!

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. என்றாலும் காசநோய் அரித்த நுரையீரல், நெஞ்சில் சீழ், நுரையீரல் புற்று என்று ஆபரேஷனுக்காக மதுரைக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிற குடும்பங்கள் நம் நத்தம், நிலக்கோட்டைப் பக்கமெல்லாம் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இரட்டைக் குழாய் எதற்கு?

நுரையீரல் விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தால் அதில் எப்படி ஆபரேஷன் செய்வது? அதனால் ஆபரேஷன் நடக்கும் பக்கத்தை மட்டும் காற்றில்லாமல் சுருங்க வைத்து, மறுபக்கத்தை இயங்க விடுகிறார்கள். சீழோ ரத்தமோ நல்ல பக்கத்துக்குப் போகாமலும் தடுக்கலாம். ஒரே குழாய்க்குள் இரண்டு வழிகள், காற்றடைக்கும் இரண்டு சின்ன பலூன்கள். ஸ்வீடன் நாட்டு டாக்டர் கார்லென்ஸ் 1949-ல் அறிமுகப்படுத்திய குழாய்தான் இதற்கு முன்னோடி.

"ஒரு பக்கம் மட்டும் வேலை செஞ்சா போதுமா டாக்டர்?" என்று கேட்கத் தோன்றும். ஆக்ஸிஜனைக் கூட்டிக் கொடுத்து, விநாடிக்கு விநாடி அளவைக் கண்காணிப்பதால் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்குவார்களா என்பதை மூச்சுத்திறன் பரிசோதனைகளில் முன்பே பார்த்துவிடுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் குழாய் தடிமன். சாதாரண மயக்கக் குழாய் 10, 11 மில்லிமீட்டர் என்றால் இது 12, 13 மில்லிமீட்டர். நீளமும் விறைப்பும் அதிகம். திண்டுக்கல் பூட்டில் பெரிய சாவியைச் சின்னத் துவாரத்தில் நுழைப்பது மாதிரிதான். அதுவும் நோயாளி மூச்சு விடாமல் இருக்கும் அந்த ஓரிரு நிமிடத்துக்குள்! தாமதமானால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளையும் இதயமும் பாதிக்கப்படும்.

எந்தக் கருவி நல்லது?

பழைய நண்பர்: ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மேக்கின்டாஷ் 1943-ல் வடிவமைத்த வளைந்த தகடு. நாக்கை ஒதுக்கி, குரல் நாண்களைக் கண்ணால் நேராகப் பார்க்க வேண்டும். விலை குறைவு. வாய் நன்றாகத் திறக்கும் ஆளுக்குப் பழகிய கையில் வேகமாக வேலை முடியும். ஆனால் கழுத்து வளையாதவர், தாடை சிறியவர் என்றால் திணறல்தான்.

புதிய நண்பர்: வீடியோ லாரிங்கோஸ்கோப். கனடா நாட்டு சர்ஜன் ஜான் பேசி உருவாக்கிய கருவி 2001-ல் வந்தது. தகட்டின் நுனியில் குட்டி கேமரா. திரையில் தொண்டை பளிச்சென்று தெரியும். 2020-ல் கொரோனா வந்தபோது, நோயாளியின் வாயருகே முகத்தைக் கொண்டுபோக வேண்டாம் என்பதால் இதன் உபயோகம் பெருகியது.

அப்படியானால் புதியதுதான் சிறந்ததா? அவசரப்படாதீர்கள்! கண்ணுக்குத் தெரிவது வேறு, குழாய் போய்ச் சேருவது வேறு. தகடு அதிகம் வளைந்திருந்தால் விறைப்பான இரட்டைக் குழாய் அந்த வளைவில் மாட்டிக்கொள்ளும். பலூன் பல்லில் உரசிக் கிழிவதும் உண்டு. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கஷ்டமான தொண்டைக்கு வீடியோ பெரிய துணை. சுலபமான தொண்டைக்குப் பழைய தகடும் குறைந்ததில்லை.

மூன்றாமவர்: ஃபைபர் ஆப்டிக் பிராங்கோஸ்கோப். விரலைவிட மெல்லிய, வளையும் தொலைநோக்கி. எதனால் குழாயை இறக்கினாலும், அது சரியான கிளையில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க இதுவே நம்பகமானது. நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பும்போது குழாய் நகர்ந்துவிடலாம். அப்போதும் மறுபடி பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆபரேஷனுக்கு முன் மயக்க டாக்டர், "வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க" என்பார். வெட்கப்படாதீர்கள். இது ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் மல்லம்பட்டி 1985-ல் வெளியிட்ட சோதனை. தொண்டை எவ்வளவு தெரிகிறதோ, அதை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

* ஆடும் பல், கட்டிய பல் இருந்தால் சொல்லுங்கள்.
* பாக்கு, பான் மசாலா பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். வேடசந்தூர் பக்கம் புகையிலை விளையும் ஊர். மெல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. வருடக்கணக்கில் பாக்கு மென்றால் கன்னத்தின் உட்பக்கம் இறுகி, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காமல் போகலாம்.
* முந்தைய ஆபரேஷனில் 'டியூப் போட கஷ்டமா இருந்துச்சு' என்று சொல்லியிருந்தால், அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.
* குறட்டை, கழுத்து வலி, குரல் மாற்றம் எதுவானாலும் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டொரு நாள் தொண்டை கரகரப்பது சகஜம்; பயம் வேண்டாம். குரல் கம்மல் ஒரு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

'எந்த மிஷின் வச்சிருக்கீங்க?' என்பதைவிட, 'முதல் கருவி சரிப்படலேன்னா அடுத்து என்ன செய்வீங்க டாக்டர்?' என்று கேளுங்கள். நல்ல டாக்டரிடம் அதற்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும்!