ஹிட் ஆல்பம்தான்... ஆனா ஆன்லைனில் இல்லை! 'டி லா சோல்' மாட்டிக்கொண்ட காப்புரிமைச் சிக்கல்

போனில் தேடிய பாட்டு கிடைக்கலைன்னா, 'எந்தக் காலத்துப் பாட்டோ' என்று விட்டுவிடுவோம். அமெரிக்க ஹிப் ஹாப் குழு 'டி லா சோல்' 1989-ல் வெளியிட்ட 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' அப்படி மறந்துபோன ஆல்பம் இல்லை. இன்றும் கொண்டாடப்படுவது. ஆனாலும், ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அது வந்ததே 2023 மார்ச் 3-ல்தான்.

காரணம், சாம்பிளிங். பழைய ரெக்கார்டில் இருந்து ஒரு டிரம்ஸ் அடியையோ, குரலையோ வெட்டியெடுத்து, அதன் மேல் புதுப் பாட்டைக் கட்டுவது. இந்த ஆல்பம் முழுக்க அப்படிப்பட்ட துண்டுகள்தான். அதில் ஒன்றுக்காக 'தி டர்ட்டில்ஸ்' குழுவினர் வழக்குப் போட, அது சமரசத்தில் முடிந்தது.

பெரிய அடி விழுந்தது 1991-ல். கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டை அனுமதி கிடைக்காமலேயே பயன்படுத்திய ராப்பர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில், 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் நியூயார்க் நீதிபதி. மார்க்கியின் அடுத்த ஆல்பத்தின் பெயரே, 'எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்ற அர்த்தத்தில் 'ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!' நொந்துபோனவரின் நக்கல்.

2005-ல் இன்னும் இறுகியது. இரண்டே விநாடி கிட்டார் ஒலிக்குக்கூட லைசென்ஸ் வேண்டும் என்றது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். மடோனாவின் 'வோக்' பாட்டில் இருந்த 0.23 விநாடி ஒலி தொடர்பான வழக்கில், 2016-ல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரே நாடு, இரண்டு விதி!

ஒரிஜினல் கலைஞருக்குக் காசு போகணும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் வேறு இடத்தில். அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பாட்டை நீங்களே பாடி கவர் வெர்ஷன் வெளியிட, சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். சாம்பிளுக்கு அந்த வசதி கிடையாது. பாட்டின் உரிமையாளர், ஒலிப்பதிவின் உரிமையாளர் என இரண்டு பேரிடம் கேட்கணும். அவர்கள் சொல்வதுதான் ரேட். 'முடியாது' என்றால் அவ்ளோதான். 20 துண்டுகள் என்றால் 40 கதவுகள். கையில் காசில்லாத புது ஆள் அந்த மாதிரி ஆல்பத்தை யோசிக்கவே மாட்டார்.

டி லா சோல் அன்று வாங்கிய அனுமதிகளிலும் டிஜிட்டல் விற்பனை பற்றிப் பேச்சே இல்லை. 2014 காதலர் தினத்தில், பொறுத்தது போதும் என்று தங்கள் ஆல்பங்களை 25 மணி நேரத்துக்கு இலவச டவுன்லோடாகவே கொடுத்தார்கள். 2021-ல் லேபிள் கைமாறிய பிறகுதான் வழி பிறந்தது.

குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகோர், 2023 பிப்ரவரி 12-ல் காலமானார். ஆல்பம் ஸ்ட்ரீமிங்குக்கு வர அப்போது 19 நாள் பாக்கி.