உருகிக் கோலும் அதன் தலைப்பொருத்தும்

டிசம்பர் மாதப் பூரணை தொடங்கி மே மாதத்து வெசாக் பூரணை வரையில் நல்லதண்ணி இரவிலும் உறங்குவதில்லை. அங்கிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் அடியார்கள் பெரும்பாலும் இரவிலேயே புறப்படுவர்; அவர்களுக்காகப் படிக்கட்டுப் பாதையோரமாக மின்விளக்குகள் எரியும். அதே மின்சாரமே சுற்றிலுமுள்ள தேயிலை ஸ்டோர்களில் கொழுந்தை வாட்டும் விசிறிகளையும் அரைக்கும் பொறிகளையும் இயக்குகின்றது. லயங்களிலே பிள்ளைகள் பாடம் படிக்கும் விளக்கையும் ஏற்றுகின்றது. இடிமழை பொழியும் ஒரு மாலைப் பொழுதில் இவையனைத்தும் ஒருங்கே அணைந்துவிடுமாயின், ஊரார் எதிர்பார்த்திருப்பது கையில் நீண்ட கோலொன்றுடன் கம்பத்தடிக்கு வந்து சேரும் மின் ஊழியரையே. அக்கோலின் நுனியில் எவ்வகைத் தலை பொருத்தப்பட வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். சிறு பொருளாகத் தோன்றினும், ஒருவரின் உயிர் அதனைப் பற்றி நிற்கின்றது.

மலைநாட்டிற்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு பழையது. இந்நாட்டு அருவிகளைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட லக்சபானத் திட்டத்தின் முதற்கட்டம் 1950 ஆம் ஆண்டிலேதான் இயங்கத் தொடங்கிற்று. பின்னர் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, பழைய மஸ்கெலியா நகரமே நீருள் மூழ்கியது. நாட்டிற்கு ஒளி தருவதற்காகத் தன் மண்ணையே கொடுத்த பகுதி இது. அவ்வொளியைக் காக்கும் தொழிலாளரின் பாதுகாப்பைப் பற்றிச் சிந்திப்பதற்கு இதனினும் தகுந்த இடம் வேறு யாது?

முதற்கண், உருகி என்பது யாது எனக் காண்போம். தோட்டங்களுக்கு வரும் உயரழுத்தக் கம்பிகளிற் பெரும்பாலும் 33,000 வோல்ற்று அழுத்தம் உண்டு. அதனை நிலைமாற்றி என்னும் டிரான்ஸ்போமர் 400 வோல்ற்றாகவும் 230 வோல்ற்றாகவும் குறைத்துத் தருகின்றது. நிலைமாற்றிக்கு முன்பாக, கம்பிக்கு ஒன்றாக மூன்று உருகிகள் கம்பத்தின் மேலே அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குழாய்; அதனுள்ளே மெல்லிய உலோக இழையொன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மின்னலாலோ, மரக்கிளை முறிந்து விழுவதாலோ, நிலைமாற்றியின் பழுதினாலோ மின்னோட்டம் அளவு மீறுமாயின் இழை உருகி அறும். அறும் வேளையில் எழும் மின்வில்லின் வெப்பம் குழாயின் உட்பூச்சிலிருந்து வாயுவைப் பிறப்பிக்க, அவ்வாயு வில்லை அணைத்துக்கொண்டு குழாயின் வாய் வழியே சீறி வெளியேறும். இழை அறுந்தமையால் மேற்பூட்டும் விடுபடும். குழாய் தன் எடையினாலேயே கீழே சாய்ந்து தொங்கும். தானே சாய்ந்து தொங்குவதாலும், தூக்கி எடுக்கத் தக்கதாலும், ஊழியர் இதனை ஆங்கில எழுத்துகளைக் கொண்டு டி.டி.எல்.ஓ. என வழங்குவர்.

தொங்கும் குழாயைக் கண்டதும் பழுது எவ்விடத்தது என்பதை ஊழியர் தேடுவார். அது நீங்கிய பின், குழாயைக் கீழ்க் கீலிலிருந்து தூக்கி எடுத்து இறக்குதல், புதிய இழை இட்டு மீண்டும் கீலில் ஏற்றுதல், பின்னர் மேல் நோக்கி வீசிப் பூட்டுதல் ஆகிய மூன்று தொழில்களை நிலத்தில் நின்றவாறே அவர் செய்தல் வேண்டும். இதற்கென அமைந்ததே ஹொட் ஸ்டிக் என்னும் காவற்கோல்.

தொங்கும் குழாயில் மின்சாரம் இராது எனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பேராபத்து விளைப்பது. மூன்று உருகிகளில் ஒன்று மட்டுமே அறுந்திருப்பின், ஏனைய இரண்டின் வழி வரும் அழுத்தம் நிலைமாற்றியின் சுருள்களூடே சுற்றிவந்து தொங்கும் குழாயையும் சேரும். மேலும், மின்சாரம் நின்றவுடன் ஸ்டோரிலுள்ள ஜெனறேற்றரை இயக்குவது தோட்டங்களில் வழக்கம். மாற்றுப் பூட்டு முறையாக அமையாவிடின் அதன் 400 வோல்ற்று நிலைமாற்றியூடே பின்னோக்கிச் சென்று மீண்டும் 33,000 வோல்ற்றாகிவிடும். ஆதலின், குழாய் தொங்கினும் அது உயிருள்ள கம்பியே எனக் கொண்டு காவற்கோலினாலேயே அதனைத் தொடல் வேண்டும்.

காவற்கோல் தொடக்கத்தில் மரத்தாற் செய்யப்பட்டது. மரம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே 1950களின் இறுதி தொடக்கம் பிசினில் தோய்ந்த கண்ணாடி நாரினால் ஆன கோல்கள் மரக்கோல்களின் இடத்தைப் பிடித்தன. அமெரிக்க விதிகளின்படி, இத்தகைய புதிய கோலின் ஒவ்வோர் அடி நீளமும் 100,000 வோல்ற்று அழுத்தத்தை 5 நிமிடம் தாங்குதல் வேண்டும். பயன்பாட்டிலுள்ள கோலை ஈராண்டுக்கு ஒரு முறையேனும் வேலையிலிருந்து நீக்கித் துடைத்து ஆராய்ந்து சோதித்தல் வேண்டும் எனவும் அவ்விதிகள் கூறுகின்றன.

கோல் எத்துணைச் சிறந்ததாயினும், உருகியைத் தொடுவது அதன் நுனியிலுள்ள தலையே. இன்றைய கோல்களின் நுனி, பற்கள் வெட்டிய வட்டமான பொருத்தாக அமைந்திருக்கும். வேலைக்கேற்பப் பல தலைகளை அதில் வைத்து, சிறகுத் திருகினால் இறுக்கலாம். எந்தத் தலையைத் தெரிவு செய்வது என்பதற்கு ஐந்து கேள்விகளை நாம் கேட்டல் வேண்டும்.

முதலாவது கேள்வி: தலை குழாயை உறுதியாகப் பற்றுமா? சாதாரணக் கொக்கி பூட்டை இழுத்துத் திறப்பதற்குப் போதும். குழாயின் வளையத்துள் நுழைந்து இழுக்கும், அவ்வளவே. ஆனால் குழாயைத் தூக்கி எடுக்கும்போது அதன் முழு எடையும் அக்கொக்கியில் ஒரு பக்கமாகத் தொங்கும். சிறிது காற்றடித்தாலும் கை நடுங்கினாலும் குழாய் சுழன்று நழுவும். நழுவிய குழாய் ஊழியரின் தலைமேல் விழலாம். அன்றி, அடுத்த கம்பியின் உருகியில் மோதி மின்வில்லை மூட்டலாம். ஆகையால் தூக்கி எடுக்கும் வேலைக்கு, குழாயை இரு பக்கத்தும் தாங்கும் கவர் வடிவத் தலையோ, வளையத்துள் நுழைந்தபின் திரும்பி விலகாவண்ணம் பூட்டிக்கொள்ளும் தலையோதான் ஏற்றது. பற்றும் தலை விடவும் அறிந்திருத்தல் வேண்டும். கீலில் ஏற்றிய பின்னர் வளையத்தில் சிக்கி வெளிவராத தலை, பூட்டிய குழாயை மீண்டும் இழுத்துத் திறந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: தலையின் இரும்பு எவ்வளவு நீளம்? காவல் தருவது கோலின் நார்ப்பகுதி மட்டுமே. உலோகம் எங்கெங்கு நீள்கின்றதோ அங்கெல்லாம் மின்சாரமும் உடன் நீள்கின்றது. 6 அடிக் கோலின் நுனியில் ஓரடி உலோகத் தலை இருப்பின், அதனையும் கை பற்றும் இடத்தையும் கழித்து எஞ்சுவதே மெய்யான காவல் நீளம். அன்றியும், அகன்ற உலோகத் தலை இரு கம்பிகளுக்கு இடையிலோ, கம்பிக்கும் கம்பத்தின் இரும்புக் குறுக்குச் சட்டத்திற்கும் இடையிலோ பாலமாகிவிடலாம். செய்ய வேண்டிய வேலைக்குப் போதுமான அளவில் மிகச் சிறிய உலோகமுடைய தலையே சிறந்தது. உலோகத்தின் மேற் பூசிய நெகிழிப் பூச்சைக் காவலென்று நம்புதலும் தகாது.

மூன்றாவது கேள்வி: எடை எவ்வளவு? கோலை நேரே நிமிர்த்தியிருக்கும்வரை நுனியிலுள்ள எடை அவ்வளவு வருத்தாது. அது சாயும்போதுதான் துன்பம் தொடங்கும். கோலின் தலை கைகளுக்கு நேர்மேலிருந்து 1 மீற்றர் விலகியதெனக் கொள்வோம். நுனியில் 1 கிலோகிராம் எடை இருப்பின், அரை மீற்றர் இடைவெளியிற் கோலைப் பற்றிய இரு கைகளும் ஏறக்குறைய 2 கிலோகிராம் எடைக்கு ஒத்த விசையுடன் எதிரெதிராகத் தாங்க நேரிடும். குழாயின் எடையோடு தலையின் எடையும் சேர, சரிவான தேயிலை நிலத்தில் வழுக்கும் மண்ணில் நிற்பவரின் தோள் விரைவிற் சோரும். சோர்ந்த தோளே தவறு செய்யும்.

நான்காவது கேள்வி: தலையும் கோலும் நன்கு இணைந்துள்ளனவா? பற்கள் தேய்ந்திருப்பின், அல்லது சிறகுத் திருகு முழுவதும் இறுகாதிருப்பின், பாரம் ஏறியவுடன் தலை திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் கோலை உயர்த்துமுன், நிலத்திலேயே தலையைக் கையால் அசைத்துப் பார்த்தல் நன்று. பல செய்வோரின் உருகிகள் ஒரே வழியில் நிறுத்தப்பட்டிருப்பதும் உண்டு. ஒன்றின் வளையத்திற்குப் பொருந்தும் தலை மற்றொன்றிற்குப் பொருந்தாது போகலாம். கழற்றி வைத்த பழைய குழாயொன்றில் அதனை முன்கூட்டியே பழகிப் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவது கேள்வியே யாவற்றினும் முதன்மையானது: மின்னோட்டம் பாயும்போது திறக்கப் போகின்றோமா? சாதாரணத் தலையைக் கொண்டு பாரத்தோடு கூடிய உருகியைத் திறப்போமாயின், மின்வில் திறந்த வெளியில் நீண்டு எரியும். காற்று அதனை அடுத்த கம்பிக்கு எடுத்துச் செல்லும். ஆதலால் நிலைமாற்றியின் கீழழுத்தப் பக்கத்துச் சுமையை முதலில் நீக்கிவிடுதல் வேண்டும். நீக்க இயலாத இடங்களுக்கெனச் சுமை முறிக்கும் தனிக்கருவி உண்டு. கோலின் நுனியில் பொருத்திய அது, உருகியின் மேற்கொக்கியிலும் குழாயின் வளையத்திலும் ஒருங்கே மாட்டிக்கொள்ளும். கோலை இழுக்கும்போது மின்னோட்டம் குழாயை விட்டு அக்கருவியின் உள்ளே புகும். அங்கேயே வில் அடைபட்டு அணையும். அதற்குரிய கொக்கிகள் இல்லாத உருகியில் இதனைப் பயன்படுத்துதல் ஆகாது.

இனி, தலை எதுவாயினும் பேண வேண்டிய சில நெறிகள் உள. சுமையை நீக்கிய பின்னும் வரிசையாக நிற்கும் மூன்றையும் திறக்கும்போது நடுவிலுள்ளதை முதலிலும், அடுத்துக் காற்று வீசிச் செல்லும் திசையில் உள்ளதையும், இறுதியாகக் காற்று வரும் திசையில் உள்ளதையும் திறப்பர். பூட்டும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்குவர். எழும் வில்லைக் காற்று உயிருள்ள கம்பியின்மேல் தள்ளாதிருத்தற்கே இவ்வொழுங்கு. பூட்டும்போது தயக்கமின்றி ஒரே வீச்சிற் பூட்டுதல் வேண்டும். பழுது எஞ்சியிருக்குமாயின் இழை அப்போதே மீண்டும் அறும். ஆதலின் குழாயின் வாய்க்கு நேர்கீழே நில்லாது விலகி நின்று, கண்ணாடியும் தலைக்கவசமும் கையுறையும் அணிந்து, முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்ளல் நன்று.

நல்லதண்ணி போன்ற ஊர்களுக்கு மழையும் மூடுபனியும் தனிப் பகைகளாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலையே முகிலுக்குள் மறைந்துவிடும். கண்ணாடி நார் நீரை உறிஞ்சாதெனினும், அதன் மேல் அழுக்கும் ஈரமும் சேர்ந்து படலமாகுமாயின், மின்சாரம் அப்படலத்தின் வழியே கைக்கு வரும். கோலை நிலத்திற் கிடத்தாது உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வைத்தலும், வேலைக்கு முன் சிலிக்கோன் ஊட்டிய தூய துணியால் துடைத்தலும், கீறலோ வெடிப்போ கண்டால் அதனை விலக்குதலும் வேண்டும். மழைக்கென அமைந்த கோலன்றி வேறெதனையும் மழையில் எடுத்தலாகாது. மழை விடும்வரை பொறுத்தலே அறிவு. பச்சை மூங்கிற் கழியோ ஈரமரக் கொம்போ கொண்டு தொங்கும் குழாயைத் தள்ளிவிட முனைதல் சாவை வலிய அழைப்பதாகும்.

நேயர்களே, நம்மிற் பெரும்பாலார் கோலைக் கையாற் பற்றப் போவதில்லை. ஆயினும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மின்சாரம் நின்ற இரவில், ஸ்டோரில் அரைத்த கொழுந்து நேரம் மிஞ்சிப் புளித்துக் கெடுமே என்று அதிகாரியும், விளக்கில்லையே என்று வீட்டாரும் ஊழியரை நெருக்குவது இயல்பு. அவர் மழை விடட்டும் என்பாராயின், அதைச் சோம்பலெனக் கொள்ளாதிருப்போம். தகுந்த தலை இதுவன்று, வேறொன்று வேண்டும் என்பாராயின், அதனை வாங்கித் தருவது தோட்டத்தின் கடமை எனக் கொள்வோம். ஜெனறேற்றரை இயக்குமுன் மாற்றுப் பூட்டைச் சரிபார்ப்போம். கம்பத்தடியிற் பிள்ளைகள் கூடி நில்லாது காப்போம்.

கெட்ட கொழுந்துக்கு ஈடாக மறுநாள் வேறு கொழுந்து பறிக்கலாம். கம்பத்தடியிலிருந்து வீடு திரும்பாதவருக்கு ஈடு என்று ஒன்று இல்லை.