பழைய முகம், புதிய இயந்திரம்

கர்நாடகத்தில் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு பெரிய தொழில்கள் முடிவுக்கு வந்தன. 1996-இல் மைசூர் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2001 பிப்ரவரி 28 அன்று நமது கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவற்றுள் முன்னது, பெயரளவிலேனும், இப்போது திரும்பி வந்திருக்கிறது. பழைய தோற்றத்தில் புதிதாக வெளிவரும் ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்குக் கடன் கேட்டு வரும் இளைஞர்களை வங்கிகளில் காண முடிகிறது. அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படும் சில செய்திகளைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரஸ்தம் இரானி தொடங்கிய ஐடியல் ஜாவா, செக்கோஸ்லோவாக்கிய நிறுவனத்தின் உரிமம் பெற்று 1961 முதல் மைசூரில் வண்டிகளைத் தயாரித்தது. 1970-களில் 'யெஸ்டி' என்னும் பெயர் வந்தது. இரட்டைப் புகைக்குழாயும், கியர் மாற்றும் நெம்புகோலையே மேலே திருப்பி உதைத்து இயக்கும் அமைப்பும் அவ்வண்டியின் அடையாளங்கள். 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவுடன் வந்த 100 சிசி வண்டிகள் குறைந்த பெட்ரோலில் நெடுந்தொலைவு ஓடின. இரண்டு வீச்சு இயந்திரத்தால் அவற்றோடு போட்டியிட இயலவில்லை.

மகிந்திரா குழுமத்தின் ஆதரவு பெற்ற கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் 2018 நவம்பரில் ஜாவாவையும், 2022 ஜனவரியில் யெஸ்டியையும் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய வடிவத்திற்குப் புத்துயிர் அளிப்பது உலகெங்கும் கார் நிறுவனங்கள் கண்டறிந்த வழியே. ஃபோக்ஸ்வாகனின் புதிய பீட்டில், பி.எம்.டபிள்யூ. வெளியிட்ட மினி, 2007-இல் வந்த ஃபியட் 500 ஆகியவை அவ்வாறு பிறந்தவை. ஃபோர்டு நிறுவனமும் 1960-களின் விளையாட்டு வகைக் காரான மஸ்டாங்கின் முகத்தைத் தன் 2005-ஆம் ஆண்டு மாடலுக்குத் திரும்பக் கொடுத்தது. இவை அனைத்திலும் தோற்றம் மட்டுமே பழையது; உள்ளிருப்பது அந்தந்தக் காலத்துத் தொழில்நுட்பம். புதிய ஜாவாவும் நான்கு வீச்சு இயந்திரமும் திரவக் குளிர்விப்பும் கொண்டதே.

ஆகவே இத்தகைய வண்டியை வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது மாடல் ஆண்டு. முகம் மாறாதிருப்பதால் உள்ளே நிகழும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. 2018-இல் வந்த ஜாவாவின் இயந்திரம் 293 சிசி. 2024 ஜனவரியில் வந்த ஜாவா 350-இன் இயந்திரம் 334 சிசி. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இந்த ஆண்டின் மாடலில் மாறியிருப்பது வண்ணமா, விளக்கா, இயந்திரமா என்று கேட்டறிய வேண்டும். வண்ணம் மட்டுமே மாறியிருந்தால், சென்ற ஆண்டு மாடலைத் தள்ளுபடியில் வாங்குவது அறிவுடைமை. இயந்திரம் மாறியிருந்தால், உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் வசதியும் அருகில் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

அடுத்தது விலை. ஒரு பெயர் மக்கள் மனத்தில் பெற்றிருக்கும் மதிப்பைக் கணக்கியலில் 'நற்பெயர்' என்கிறோம். அது கண்ணுக்குப் புலப்படாத சொத்து. ஆயினும் பணமதிப்பு உடையது. யெஸ்டி என்னும் பெயர் யாருக்கு உரியது என்பது பற்றிக் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்ததே அதற்குச் சான்று. ஆனால் அந்தச் சொத்து நிறுவனத்தின் ஏட்டில் இருக்கிறது. வாங்குபவர் ஏட்டில் ஏறுவதில்லை. வாங்குபவருக்குக் கிடைப்பது தேய்மானத்துக்கு உட்பட்ட ஓர் இயந்திரம். வாகனக் காப்பீட்டின் வழக்கமான விதிப்படி அதன் மதிப்பு முதல் ஆறு மாதங்களில் 5 விழுக்காடும், ஓராண்டு முடிவதற்குள் 15 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடும் குறைத்தே கணிக்கப்படுகிறது. அப்பாவின் யெஸ்டியை நினைவூட்டுகிறது என்பதற்காக எந்தக் காப்பீட்டு நிறுவனமும் கூடுதலாகத் தருவதில்லை.

கடனின் காலமும் முக்கியம். எடுத்துக்காட்டாக, 2 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் மூன்றாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 6,450 ரூபாய். மொத்த வட்டி சுமார் 32,300. அதையே ஐந்தாண்டுகளாக நீட்டித்தால் தவணை சுமார் 4,250 ஆகக் குறையும். வட்டியோ சுமார் 55,000 ஆக உயரும். தவணை இலேசாகத் தெரிவதற்கு நாம் கொடுக்கும் விலை 22,000 ரூபாய்க்கும் மேல்.

வீட்டில் அசல் பழைய ஜாவாவே இருந்தால்? 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, அடிப்படை மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே அவற்றை ஓட்டலாம். அன்றாடப் பயணத்திற்கு அனுமதியில்லை.

தங்கவயலில் பல குடும்பங்களின் வருமானம், மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் அதிகாலையில் ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்பும் ஒருவரின் சம்பளமே. வாரத்தில் ஆறு நாளும் அவருடைய புதிய வண்டி ரயில் நிலையம் வரைதான் ஓடும். எஞ்சிய ஒரு நாளின் மகிழ்ச்சிக்காகவே அதை வாங்குகிறார். அது குற்றமன்று, உழைப்பவருக்கு அந்த மகிழ்ச்சி உரியதே. அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலீடு என்று எண்ணிவிடக் கூடாது என்பதே வேண்டுகோள்.

திரும்பி வந்த ஜாவா மைசூரில் தயாராகவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தயாராகிறது. பெயர் திரும்பினாலும், அந்தப் பெயரால் பிழைத்த தொழிலாளர்க்குப் பழைய வேலை திரும்பவில்லை. தங்கவயல் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கையெழுத்திடுவதற்கு முன், வண்டிக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் தனித்தனியே எழுதிப் பாருங்கள். இரண்டாவது தொகையையும் உங்கள் சம்பளம் தாங்குமானால், தயங்காமல் வாங்குங்கள்.