நிருபர் தேர்தல் கேட்கிறார்

பிளேன்ரீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது ஒரு மிடறில் முடிகிற கதை அல்ல. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பிரதேச சபைத் தேர்தல் கேட்கப்போகிறார் என்றால், "அவரைத் தெரியாத ஆள் ஆர்? வென்றிடுவார்" என்பார்கள். அந்தப் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பத்திரிகையிலிருந்து அரசியலுக்குப் போவது எங்களுக்குப் புதிதல்ல. தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தொடங்கிய 'சுதந்திரன்' பத்திரிகையில் வேலை பார்த்த செ. இராசதுரை 1956 இல் மட்டக்களப்பின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பிறகு அந்நகரின் முதல் மேயரும் அவரே. 'உதயன்' நிர்வாக இயக்குநர் ஈ. சரவணபவன் 2010 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார். கிளிநொச்சியும் அந்தத் தேர்தல் மாவட்டத்துக்குள்தான் அடங்கும். முல்லைத்தீவும் வவுனியாவும் மன்னாரோடு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். சரவணபவன் உறுப்பினராக இருந்தபோதே, 2013 ஏப்ரல் 3 அன்று உதயனின் கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டது. நாடாளுமன்றக் கதிரை பத்திரிகைக்குக் காவலாகவில்லை.

இந்த இரண்டு பேருக்கும் பின்னால் கட்சி இருந்தது. கட்சி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ந. வித்தியாதரனின் கதை இருக்கிறது. உதயன், சுடர் ஒளி ஆசிரியராக இருந்தவர். 2009 பெப்ரவரி 26 அன்று கல்கிசையில் ஒரு மரண வீட்டில் வைத்துப் பிடித்துச் செல்லப்பட்டு, இரண்டு மாதம் தடுப்பில் இருந்து வெளியே வந்தார். தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத பெயர். 2015 ஜூலையில் முன்னாள் போராளிகள் சேர்ந்து ஜனநாயகப் போராளிகள் கட்சியைத் தொடங்கியபோது அதன் ஒருங்கிணைப்பாளர் அவர்தான். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிடம் இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாக இறங்கினார்கள். ஓகஸ்ட் 17 தேர்தலில் அங்கிருந்த ஏழு ஆசனங்களில் ஐந்தைக் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னம் எடுத்தது. போராளிகள் கட்சிக்கு ஒன்றும் இல்லை. காலையில் அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகையை விரித்தவர்கள்தான், புள்ளடியை வேறு இடத்தில் போட்டார்கள்.

நாடாளுமன்றத்தை விடுவோம், உள்ளூர் சபையில் தனி ஆளின் செல்வாக்குக்கு இடமிருக்குமே என்று கேட்பீர்கள். இங்கேதான் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து கலப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில், மீதி 40 வீதம் பட்டியலில். கால்வாசி இடம் பெண்களுக்கு. தனி மனிதர் ஒருவராக வேட்புமனு கொடுக்க வழியில்லை. கட்சியோடு போகவேண்டும், அல்லது சபையின் எல்லா வட்டாரங்களுக்கும், பட்டியலுக்கும் ஆள் சேர்த்துச் சுயேச்சைக் குழு அமைக்கவேண்டும். கட்டுப்பணமும் கட்சி வேட்பாளருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000 ரூபாய். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பிரதேச நிருபர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நேற்றுவரை கேள்வி கேட்ட கட்சி அலுவலகத்தின் வாசலில்தான் போய் நிற்கவேண்டி வரும்.

சரி, வென்றும்விட்டார். கரைச்சிப் பிரதேச சபையிலோ கரைதுறைப்பற்றிலோ உறுப்பினர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த செய்திகள் எவை? கேப்பாப்புலவில் படையினர் வசமிருந்த காணிகள், 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டம், வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட வயல். இவற்றில் ஒன்றுகூடப் பிரதேச சபையின் கைக்குள் இல்லை. அரச காணி பிரதேச செயலகத்தோடு, காடு திணைக்களத்தோடு, முகாம் பாதுகாப்பு அமைச்சோடு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் சபைக்குக் கொடுத்தது உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, வடிகால், குப்பை, மயானம், நூலகம், கட்டட அனுமதி போன்றவை. தீர்மானம் நிறைவேற்றிக் கொழும்புக்கு அனுப்பலாம்தான். ஆனால் அதைச் செய்தியாகவே எழுதியிருக்கலாமே.

வேலையின் குணமும் மாறுகிறது. நிருபர் கேள்வி கேட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். உறுப்பினர் அதே ஒழுங்கையில் குடியிருந்துகொண்டு, எந்த வீதிக்கு முதலில் கிரவல் என்று பதில் சொல்லவேண்டும். பாதீட்டுக்கு, தான் நேற்றுக் கிழித்து எழுதிய ஆட்களிடமும் கை உயர்த்தக் கேட்கவேண்டும். இரண்டாம் முறையும் பாதீடு தோற்றால் தவிசாளர் பதவி இழக்கவும் நேரலாம்.

அப்படியென்றால் போகக்கூடாதா? போகலாம். கேள்விப் பத்திரம், கணக்காய்வு அறிக்கை எல்லாம் வாசித்துப் பழகியவர் சபையில் இருப்பது நல்லதுதான். அவர் உங்கள் வீட்டுக்கு வாக்குக் கேட்டு வந்தால் இரண்டு விசயம் கேளுங்கள். முதலாவது, என்ன செய்யப்போகிறீர்கள்? காணி மீட்பேன் என்றால் சபையை அவர் இன்னும் படிக்கவில்லை, சந்தைக் குத்தகைக் கணக்கை மாதாமாதம் வெளியிடுவேன் என்றால் படித்திருக்கிறார். இரண்டாவது, நீங்கள் சபைக்குள் போனபிறகு சபையைப் பற்றி எழுதப்போவது ஆர்? இதற்கு அவர் ஒரு பெயரைச் சொன்னால் தயங்காமல் வாக்குப் போடலாம்.